மேற்கு வேலி

ஒசாகா
1963 ஜனவரி 12

தங்கை நுயிக்கு,

புத்தாண்டு பிறந்து பன்னிரண்டு நாள் கழித்து வாழ்த்துச் சொல்கிறவன் உன் சின்னண்ணனாகத்தான் இருக்க முடியும். வருஷக் கடைசி வியாபாரம் அப்படி. மிகுமோவில் பனி கூரைவரை ஏறியிருக்கும். உன் முழங்கால் என்ன சொல்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆட்களைத் திட்டுகிறேன். இத்துடன் ஒரு கட்டு உலர்ந்த கடற்பாசி அனுப்பியிருக்கிறேன். முதல் தரம். உன் நூடுல்ஸ் கடைச் சாறுக்குப் பாதி போதும். மீதியை நீ சாப்பிடு, வாடிக்கைக்காரர்களுக்குப் போட்டு வீணாக்காதே.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கண் போகிறது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் புகை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"சுத்தமாப் போயிடுமா, இல்ல கொஞ்சம் மிஞ்சுமா?"

"வெளிச்சம் தெரியும்."

"வெளிச்சம் யாருக்குய்யா வேணும், சரக்கு தெரியுமா?"

இலையுதிர் காலம்வரை தாங்கினால் பெரிது என்று நர்ஸ் சொன்னாள்.

ஆகவே இந்த ஜூன்தான் கடைசி ஜூன். மிகுமோ கோயில் குளத்து ஐரிஸ் பூக்களை ஒரு தடவை பார்க்க வேண்டும். பெரியண்ணனோடு நின்று பார்க்க வேண்டும். அவன் வளர்க்கிற பூ. அவன் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் கேட்டதில்லை. அப்பா போய் முப்பத்தொன்றாம் நாள். வீட்டில் சாவு நடந்தால் ஐம்பது நாள் கோயிலின் தோரி வாசலுக்கு அடியில் நுழையக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மறுநாள் திருவிழாப் படையலுக்குக் கடற்பாசி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சுமை தூக்குகிறவர்கள் எல்லாரையும் பட்டாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நானே தோளில் தூக்கிக்கொண்டு தோரிக்குள் நடந்தேன். வியாபாரம் பெரிதாகத் தெரிந்த வயது. அவனுக்கும் தீட்டு என்பதால் வாசலுக்கு வெளியே தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியண்ணன் பார்த்துவிட்டான்.

"சேதி காதுல விழாதவன்னா தீட்டு இல்லைன்னு விட்டுடலாம். நீ அப்பா தலைமாட்டுல உக்காந்திருந்தவன்டா!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். நான் நடந்த வழி முழுக்க உப்பும் தண்ணீரும் தெளிக்க வைத்தான். இருபத்தைந்து வருஷமாக என்னோடு பேசவில்லை.

அவனிடம் நீ கேள். நான் வரலாமா என்று மட்டும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் வழுக்கி விழாதே.

சின்னண்ணன் மசுகிச்சி


மிகுமோ
பிப்ரவரி 2

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

கடற்பாசி வந்தது. வாசனையே வேறாக இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்து நான் அடுப்பை மறந்து ஒரு பானைச் சாறு சுண்டிப் போய்விட்டது. கண்ணுக்கு வேறு டாக்டர் யாரும் இல்லையா? வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிரில் கடை வாசலில் நிற்க வேண்டாம். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

நேற்று முதல் தேதி. வழக்கம்போல் காலையில் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். பெரியண்ணன் குளத்து ஓரம் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். மதியம் என் கடைக்குச் சாப்பிட வந்தபோது சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கிண்ணத்தைத் தூக்கிச் சாறு முழுவதையும் குடித்தார்.

"என்ன சொல்லட்டும் அவருக்கு?" என்றேன்.

"சாறு இன்னைக்கு நல்லாருக்கு. என்ன போட்டே?"

"சின்னண்ணன் அனுப்புன கடற்பாசி."

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுபடி ஊற்றச் சொன்னது அதற்கு முன்னால் இரண்டு தடவை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இருமல் கொஞ்சம் இருக்கிறது அவருக்கு. குளிர்காலம்தானே.

நான் வாக்குக் கொடுக்க முடியாது, அண்ணா. அடிக்கடி கேட்டால் கல்லாகிவிடுவார். காத்திருங்கள். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

தங்கை நுயி


ஒசாகா
பிப்ரவரி 15

நுயிக்கு,

பிளம் மரம் இங்கே பூத்துவிட்டதாம். பக்கத்துக் கடைக்காரன் சொன்னான், நான் கிளைக்கு அடியில் போய் நின்று பார்த்தேன். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று தடவை ஊற்றிக் குடித்தானா? அவன் நாக்காவது என் பக்கம் பேசுகிறதே.

ஒரு யோசனை. குளத்து நடுவில் அந்த மரப்பாலம் பழசாகிவிட்டது என்று நீயே முன்பு எழுதினாய். நான் புதுசாகப் போட்டுக் கொடுக்கிறேன். நல்ல மரம். என் பெயரைப் பொறிக்க வேண்டாம். இதைப் பெரியண்ணனிடம் சொல். பேரம் இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் எதைச் சொன்னாலும் பேரமாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் கணக்கர் நிஷிகோரி எழுதித் தருகிறேன் என்கிறார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு என் குடும்பக் கதையைக் கேட்க வேண்டுமா? இன்னும் என் கையே போதும்.

சீக்கிரம் பதில் போடு. இருமலுக்குத் தேன் கொடு அவனுக்கு. நான் சொன்னேன் என்று சொல்லாதே.

மசுகிச்சி


மிகுமோ
மார்ச் 12

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

தைலத்துக்கு நன்றி. பனி உருகி வாசலெல்லாம் சேறு. தாமதத்துக்கு மன்னியுங்கள். சொல்வதற்கு நல்லது வரட்டும் என்று காத்திருந்தேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது? இரவில் விளக்கு வைத்து எழுத வேண்டாம்.

பாலத்தைப் பற்றிச் சொன்னது தப்பாகிவிட்டது.

"பாலம் குடுத்து என்ன வாங்கப் பாக்குறான் அவன்?" என்றார் பெரியண்ணன். "கோயில் என்ன கடைத்தெருவா? அந்தப் பலகை இன்னும் முப்பது வருஷம் வரும், எனக்குத் தெரியாதா? அவன் கடற்பாசியை அவனே தின்னட்டும்."

பத்து நாள் என் கடைக்கே வரவில்லை.

பிறகு கோயில் தோட்டத்தில் அவரோடு வேலை செய்கிற சகுஸோ வந்து என்னிடம் புலம்பினார். பெரியண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஐரிஸ் கிழங்குகளைப் பிடுங்கி மாற்றி நடுகிறாராம். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த கருநீலம் எல்லாவற்றையும் மேற்கு வேலியோரம் கொண்டுபோகிறாராம்.

சகுஸோ கேட்டிருக்கிறார்: "ஜனங்க பாலத்துல நின்னுதான்யா பாப்பாங்க. நீ வேலியோரம் நடுறியே, சந்துல போற மாட்டுக்கா காட்டப் போறே?"

"கண்ணு சரியில்லாதவன் கிட்ட நின்னுதான் பாக்கணும். வெள்ளை அவனுக்குப் புகையோட புகையாப் போயிடும். கருநீலம் தெரியும்."

அன்று மாலை பெரியண்ணனே என் கடைக்கு வந்தார். தலை முழுக்கச் சேறு.

"ஜூன் பத்தாம் தேதி பூ முழுசா விரியும். காலையில வரச் சொல்லு. வெயில் ஏறுனா அவனுக்குக் கண் கூசும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், அண்ணா. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்தக் குளிர்த் தண்ணீரில் நின்றதால் இருமல் கூடியிருக்கிறது. தேன் கொடுக்கிறேன். கவலை வேண்டாம்.

நுயி


ஒசாகா
மார்ச் 20

நுயி,

உன் கடிதத்தைக் கடைக்குள் நின்றுகொண்டே படித்தேன். ஒரு வாடிக்கைக்காரர் முதல் தரம் கேட்டார், தரம் குறைந்த சரக்கை அந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகுதான் புரிந்தது எனக்கு. திருப்பிக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவு தடுமாற்றம்.

நான் என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்? குடும்பச் சின்னம் போட்ட கறுப்பு அங்கி பெட்டியில் இருக்கிறது. அது ரொம்பப் பெரிய மனுஷத்தனமாகத் தெரியுமா? அவன் சேற்று உடையில் நிற்பான், நான் பட்டில் நிற்பதா? சாதாரணக் கோட்டு போதும் என்று நினைக்கிறேன். அவனுக்கு என்ன கொண்டுவரலாம்? புகையிலை பிடித்துக்கொண்டிருந்தானே, இன்னும் உண்டா? இருமல் என்றால் அதுவும் ஆகாது.

மன்னிப்புக் கேட்கிற வார்த்தை ஒன்றும் எனக்கு வரவில்லை. பாலத்தில் அவன் பக்கத்தில் நின்றால் தானாக வரும் என்று விட்டுவிட்டேன்.

இத்துடன் இருமல் மருந்து. தோஷோ தெருவின் நல்ல மருந்துக்கடையில் வாங்கியது. வேளைக்கு ஒரு பொட்டலம். இந்தத் தடவை நான் கொடுத்தேன் என்றே சொல்.

உடம்பு, முழங்கால், கடை எல்லாம் விவரமாக எழுது.

மசுகிச்சி


மிகுமோ
ஏப்ரல் 24

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

செர்ரிப் பூக்கள் உதிர்ந்துவிட்டன. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடையில் வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

பெரியண்ணன் இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறார். கோயில் வளாகத்துக்குள் இருக்கும் அவருடைய குடிசையில் கூரை ஒழுகுகிறது. மாடி ஜன்னலைத் திறந்தால் மதிலுக்கு மேலே குளம் முழுவதும் தெரியும். அங்கிருந்தே சகுஸோவை அதட்டுகிறார். "அந்த மூலையில களை! உனக்கும் கண்ணு போச்சா?" என்று. சகுஸோவும் கீழேயிருந்து, "இறங்கி வந்து நீயே பிடுங்குய்யா, ஜமீன்தாரே!" என்று கத்துகிறார். தெருவே சிரிக்கிறது.

மருந்தைச் சாப்பிட்டார். கசப்பு என்றார். யார் அனுப்பியது என்று சொன்னேன். பொட்டலத் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

மொட்டு இன்னும் வரவில்லை. இலை நன்றாக இருக்கிறது.

நுயி


ஒசாகா
மே 3

நுயிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கண் பத்தடியிலிருந்து ஐந்தடிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கூரை ஒழுகினால் இரண்டு நாளில் அடைக்கலாம். கோயிலில் தச்சன் இல்லையா? ஒழுகுகிற கூரைக்காக வேலை செய்கிற இடத்தை விட்டு வருகிறவனா அவன்? என்னிடம் சரக்கை மூடிவைத்து விற்காதே, நுயி. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே ஈரம் சொல்கிறவன் நான்.

அவனுக்கு உடம்பு எப்படி? நேராக எழுது. வேண்டுமானால் நாளைக்கே ரயில் ஏறுகிறேன். பூ எனக்கு முக்கியம் இல்லை.

முடிந்தால் அவன் கையால் ஒரு வரி எழுதச் சொல். ஒரே வரி போதும்.

மசுகிச்சி


மிகுமோ
மே 27

சின்னண்ணாவுக்கு,

மழைக்காலம் நெருங்குகிறது. நலமாக இருக்கிறீர்களா? நான் நலம். முழங்காலுக்காகக் கடையைச் சில நாள் மூடி வைத்தேன். அதனால் தாமதம்.

இப்போது வர வேண்டாம். பெரியண்ணன் சொன்ன ஜூன் பத்தாம் தேதிக்கே வாருங்கள். மொட்டுகள் தலை தூக்கிவிட்டன. நான் இந்த மாதம் தோட்டத்துக்குள் போகவில்லை. மாடி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட வரியை ஏப்ரலிலேயே எழுதி வைத்திருந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

தோரி வாசலில் காத்திருப்பேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நுயி

(இணைப்பு: பொட்டலத் தாளின் பின்புறம்)

மசுகிச்சி, மேற்கு வேலி. காலையில் வா. இவாவோ.


ஒசாகா
ஜூன் 3

நுயிக்கு,

கடிதமும் இணைப்பும் கிடைத்தன. ஒன்பதாம் தேதி ரயில் ஏறுகிறேன். பத்தாம் தேதி காலை ஏழு மணிக்குத் தோரி வாசலில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், வண்டி பிடித்துக்கொள்கிறேன்.

மற்றது நேரில்.

மசுகிச்சி


ஒசாகா
ஜூன் 22

நுயி,

மிகுமோவுக்கு வந்து போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மழை நிற்கவில்லை. சரக்கு பூசணம் பிடிக்காமல் இருக்க ராப்பகலாகக் கணப்பு வைத்திருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்று தோட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகு, உன் கடையில் உட்கார வைத்து, மே இருபத்தொன்றாம் தேதி பெரியண்ணன் போய்விட்டான் என்று சொன்னாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிர்ச்சி என்று நீ நினைத்திருப்பாய். அது நடிப்பு. எனக்கு முன்னாலேயே தெரியும்.

உன் மே மாதக் கடிதத்தின் மை வெளுத்திருந்தது. என் கண்தான் மோசமாகிவிட்டதோ என்று நிஷிகோரியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மையே மெலிசுதாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாவுச் சேதி எழுதத்தானே நாம் மையை அப்படி மெலிதாக அரைப்போம்? உறவினர்களுக்கெல்லாம் சேதி எழுதிவிட்டு, அதே கல்லில் மிஞ்சிய மையைத் தொட்டு எனக்கும் எழுதியிருக்கிறாய். நீ கவனித்திருக்க மாட்டாய்.

எழுத்தில் சொல்லாததால் எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டேன். நீ ஏன் மறைக்கிறாய் என்பது புரிந்தது. காதில் விழாதவனுக்குத் தீட்டு இல்லை. நான் உள்ளே போக வேண்டும் என்றுதான் மறைத்தாய். அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொன்னால் நான் தோரியைத் தாண்ட முடியாது. வாழ்நாள் முழுக்க எதையும் கேட்காமல் வாங்கியவன் இல்லை நான். அன்று கேட்கவில்லை.

தோரிக்கு வெளியே நீ குடை பிடித்துக்கொண்டு நின்றாய். "முழங்கால் வலி, நீங்க போய்ட்டு வாங்க" என்றாய். "பெரியண்ணன் எங்கே?" என்று கூட நான் கேட்கவில்லையே, அது உனக்கு வித்தியாசமாகப் படவில்லையா?

உள்ளே தலைமைப் பூசாரி நின்றுகொண்டிருந்தார். நான் கை கழுவி வாய் கொப்பளிக்கும்வரை காத்திருந்தார்.

"ஒசாகாவுல இருந்தா? தூரப் பயணம். உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும், வீட்டுல எல்லாரும் சுகந்தானே?"

'உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்.' எவ்வளவு கவனமாகக் கேட்டார் பார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சுகம்" என்றேன்.

அவர் உடனே நகரவில்லை. எனக்கு அவர் முகம் தெரியவில்லை, வெள்ளை அங்கி மட்டும் தெரிந்தது. பிறகு வழிவிட்டார்.

பாலத்தில் சகுஸோ என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். நுயி, ஒன்றும் தெரியவில்லை. மேற்கே சாம்பலும் கறுப்பும் கலந்து ஏதோ ஒரு கறை. ஈரச் சுவரில் படிகிற பூசணம் போல. அதுதான் அவன் நட்ட பூ.

"பக்கத்துல போகலாமா?" என்றேன்.

"இந்தப் பக்கமெல்லாம் பாசிங்க. கால் வைக்கக் கூடாது. நீங்க அந்த மேற்கு வழியாச் சுத்தி வந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இவாவோ அண்ணன் இருந்தா... இப்போ வேலையா வெளியூர் போயிருக்காரு" என்றார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதன். நானும் "அப்படியா, வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றேன். இரண்டு கிழவர்கள் மழையில் நின்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டோம். அழுதால் தெரிந்துவிடும் என்பதால் அழக் கூட முடியவில்லை. பாலத்தில் நின்றால் வரும் என்று நினைத்த வார்த்தை வரவே இல்லை. யாரிடம் சொல்வது?

வெளியே வந்ததும் "தெரிஞ்சுதா அண்ணா?" என்று கேட்டாய். "நல்லாத் தெரிஞ்சுது. ஒவ்வொரு இதழும் தெரிஞ்சுது" என்றேன். நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டாய். வேறென்ன சொல்வேன்? அதற்குமேல் உன் எதிரில் உட்கார முடியாமல்தான் மதிய வண்டிக்கே கிளம்பினேன்.

ஆக, அதே வாசலில், அதே குற்றத்தை இரண்டாவது தடவையும் தெரிந்தே செய்திருக்கிறேன். முதல் தடவை கத்துவதற்கு அவன் இருந்தான். சகுஸோவிடம் சொல்லி நான் நடந்த வழியில் உப்பும் தண்ணீரும் தெளிக்கச் சொல். காரணம் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லிவிடு. எனக்கு இனி மறைக்கத் தெம்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மசுகிச்சி


மிகுமோ
ஜூலை 12

சின்னண்ணா,

ஐம்பது நாள் ஒன்பதாம் தேதி முடிந்தது. பத்தாம் தேதி கோயிலுக்குப் போனேன். பூசாரியிடமும் சகுஸோவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூசாரி உப்பை எடுத்துக் கொடுத்தார். சகுஸோ வாளியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது.

உங்கள் கடிதத்தை இருபது நாளாகக் கையிலேயே வைத்திருக்கிறேன். எழுதாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீங்கள் உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்ல வேண்டும்.

மறைப்பது என்று முடிவு செய்தது பெரியண்ணன் இல்லை. நான்.

பிப்ரவரியிலேயே நுரையீரல் என்று டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டாராம். பூ வரை இருக்க மாட்டோம் என்று தெரிந்துகொண்டுதான் தண்ணீரில் இறங்கினார். ஏப்ரலில் கூரை எதுவும் ஒழுகவில்லை. கோயிலுக்குள் உயிர் போகக் கூடாது என்று தாமாகவே என் வீட்டுக்கு நடந்து வந்தார். நோயை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றார், அது உண்மை. ஓடி வந்துவிடுவீர்கள், கட்டிலைத்தான் பார்ப்பீர்கள், பூவைப் பார்க்க மாட்டீர்கள் என்றார்.

ஆனால் அதற்குப் பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் போனா மசுகிச்சிக்கு உடனே சொல்லிடு. மறைக்காதே. தீட்டோட அவன் தோரிக்குள்ள வர வேணாம். ஒரு தடவை வந்ததுக்கே அவன் படாத பாடு பட்டுட்டான். மேற்குச் சந்து வழியாக் கூட்டிட்டு வா. அங்கே வாசலும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் மூங்கில் வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா பூ அவன் மூக்கைத் தொடும்."

அதற்காகத்தான் வேலியோரம் நட்டார். சந்தில் நிற்கப் போகிற உங்களுக்காக. நடுவதற்கு முன்னால் அந்தச் சந்தில் வந்து நின்று, இடுப்புக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு என்று கையை வைத்துப் பார்த்தாராம். நீங்கள் அவரைவிட ஒரு கைப்பிடி குட்டை என்று சொல்லி, முன்வரிசைக்குக் குட்டைச் செடிகளாகத் தேடினார் என்று சகுஸோ இப்போதுதான் சொன்னார்.

எனக்குச் சந்து பிடிக்கவில்லை, அண்ணா. இருபத்தைந்து வருஷமாக இந்த ஊர் உங்களைப் பற்றிப் பேசியதெல்லாம் என் கடையில் உட்கார்ந்துதான் பேசியது. நான் கேட்டுக்கொண்டே நூடுல்ஸ் பரிமாறியிருக்கிறேன். நீங்கள் முன்வாசல் வழியாகத் தலை நிமிர்ந்து உள்ளே போவதை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். அதற்காக மூன்று வாரம் சேதியை மறைத்தேன். வெளியே வந்ததும் உங்களைச் சந்துக்குக் கூட்டிப் போகத்தான் நினைத்திருந்தேன். நீங்கள் ஒவ்வொரு இதழும் தெரிந்தது என்றீர்கள். சரி, பாலத்திலிருந்தே தெரிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

நாற்பதடி இருந்திருக்கும், அண்ணா, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அந்த வேலிக்கும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும்.

பூ ஜூன் இருபதோடு முடிந்துவிட்டது. தண்டுகளை நேற்று வெட்டிவிட்டார்கள்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நுயி


ஒசாகா
ஆகஸ்ட் 25

தங்கை நுயிக்கு,

இது நிஷிகோரியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். உன் கடிதத்தையும் அவர்தான் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். வெயில் கொடுமை. நான் சாப்பிடுகிறேன். கடைக்குள் தடவித் தடவி நடக்கிறேன், சரக்கின் தரம் விரலிலேயே தெரிகிறது. டாக்டர் சொன்ன அந்த வெளிச்சம் மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கிறது.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ மறைத்தாய், நான் தெரிந்தும் தெரியாதவன் போல் நடித்தேன். நம் இரண்டு பேருக்கு நடுவில் அவன் ஒருத்தன்தான் உள்ளதைச் செய்திருக்கிறான்.

இனி எனக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாது. அன்று கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுது. எனக்கு நோகும் என்று பார்க்காதே.

அவன் எந்த வேளையில் போனான்? மூச்சுக்குத் திணறினானா? கடைசியாக என்ன சாப்பிட்டான்? ஜன்னல் திறந்திருந்ததா? மொட்டு ஒன்றாவது வந்திருந்ததா அப்போது? நீ கையைப் பிடித்திருந்தாயா, இல்லை கீழே சமையலில் இருந்தாயா? நான் அன்று தோரிக்குள் வந்ததைப் பற்றி அந்த மாடியில் அவன் ஒரு தடவையாவது பேசினானா? பேசியிருந்தால், கோபமாகப் பேசினானா, சும்மா பேசினானா?

என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டான்? சின்ன வயதில் 'மசு' என்பான். இருபத்தைந்து வருஷமாக 'அவன்' என்றுதான் சொன்னானாம். சீட்டில் முழுப் பெயர் எழுதினான். கடைசி நாட்களில் எப்படிச் சொன்னான், நுயி?

மசுகிச்சி